கதை சொல்ல வராது, பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை என்ற ஒரு தாய்க்கு

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு மூன்றரை வயது. நீங்களும் கணவரும் பெங்களூரில் வேலைக்குப் போகிறீர்கள். உங்கள் அம்மா, அதாவது அவனுடைய ஆச்சி, திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். குடும்பக் கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள் தன்னம்பிக்கையோடு வளர்வதாக எங்கோ படித்திருக்கிறீர்கள். உங்களுக்கோ கதை சொல்லவே வராது. படப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறீர்கள், யூடியூபில் தமிழ்க் கதைகள் போட்டுவிடுகிறீர்கள். இது போதாதா என்பது ஒரு கேள்வி. இன்னொன்றைத் தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்: அப்பா குடித்தே நிலத்தை அழித்தார், அம்மா பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்தார், இதில் பிள்ளையிடம் சொல்ல என்ன இருக்கிறது? இந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருவதற்கு முன் மற்றதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளன். பேச்சு தாமதப்படும் பிள்ளைகள், திக்கிப் பேசும் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள், இவர்களோடும் இவர்களுடைய பெற்றோரோடும் பல ஆண்டுகளாக மதுரையில் வேலை செய்கிறேன். மனநலம் என் துறையில்லை. மொழியையும் நினைவையும் பற்றி நான் சொல்வது தொழிலிலிருந்து வருவது. தன்னம்பிக்கை, மனத்திடம் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதை என்றவுடன் நம் மனத்தில் வந்து உட்காருவது, குரலை ஏற்றி இறக்கி ஏழு கடல் ஏழு மலை தாண்டிப் போகும் ஒரு பாட்டி. சமீப காலமாக அவரோடு மேடைக் கதைசொல்லிகளும் சேர்ந்துகொண்டார்கள். முகமூடி, பொம்மலாட்டம், வார இறுதிப் பட்டறை. அவர்களில் அருமையானவர்கள் உண்டு, பிள்ளையைக் கூட்டிப்போனால் மகிழ்ச்சியாகத் திரும்பி வருவான். ஆனால் நீங்கள் படித்த விஷயத்துக்கு அந்தக் கலை தேவையில்லை. நேற்று மழையில் ஆட்டோ கிடைக்காமல் நின்றது, போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆடு அவன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றது, நீங்கள் இரண்டாம் வகுப்பில் சிலேட்டை உடைத்துவிட்டு வீட்டுக்கு வரப் பயந்தது, இவ்வளவுதான் அங்கே கதை. வீட்டில் நடந்ததை வீட்டிலிருப்பவர்கள் பேசிக்கொள்வது. மூன்றரை வயதில் பிள்ளைக்குத் தான் பிறப்பதற்கு முன் நடந்ததைவிடத் தனக்கு நடந்ததில்தான் ருசி அதிகம். அங்கேயே தொடங்கலாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. நடந்து முடிந்த சம்பவங்களைப் பற்றிப் பெற்றோர் விரிவாகப் பேசினால், பிள்ளையின் சொல்வளமும் நடந்ததைக் கோவையாகச் சொல்லும் திறனும் கூடுகின்றன. நன்றாகப் பேசும் வீடுகளில் நன்றாகப் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன முடிவாக இருந்தால் நான் இவ்வளவு துணிந்து எழுத மாட்டேன். பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரோல் பீட்டர்சன் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 20 பிள்ளைகள் இருந்தார்கள். பாதித் தாய்மாரிடம் மட்டும், நடந்ததைப் பற்றி அடிக்கடி பேசுங்கள், ஒரே சம்பவத்தில் நின்று பேசுங்கள், ஆம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேளுங்கள் என்று சொல்லிப் பழக்கினார்கள். ஓராண்டுப் பயிற்சி முடிந்தபோது அந்தப் பிள்ளைகளின் சொல்வளம் கூடியிருந்தது. கதை சொல்லும் திறனில் முன்னேற்றம் இன்னும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குறிப்பாக எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று சூழலைச் சொல்வதில். இந்தத் தாமதத்தைப் பெற்றோரிடம் நான் அழுத்திச் சொல்வதுண்டு. ஒரு மாதம் பேசிப் பார்த்துவிட்டு “ஒன்றும் மாறவில்லையே சார்” என்று வந்து நிற்பார்கள்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் எலைன் ரீஸ் இதையே இன்னும் பெரிதாக, 115 தாய்மாரோடு செய்தார். பிள்ளைகளுக்கு ஒன்றரை வயது கடந்திருந்தபோதே பயிற்சி தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் 15 வயதை எட்டியபோது தேடிப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையின் ஒரு திருப்பத்தைச் சொல்லும்போது, அது தங்களை எப்படி மாற்றியது என்ற தொடர்பைத் தெளிவாகச் சொன்னார்கள். மனச்சோர்வின் அறிகுறிகளும் அவர்களிடம் குறைவாக இருந்தன. இவ்வளவு நீண்ட ஆய்வுகளில் பாதி வழியில் விலகிப்போகும் குடும்பங்கள் உண்டு, பீட்டர்சன் ஆய்வின் 20 பிள்ளைகள் என்பதும் சிறிய எண்ணிக்கை. ஆகவே பலன் இருக்கிறது என்பதை நம்புகிறேன். எவ்வளவு பெரிய பலன் என்று கேட்டால் அடக்கியே வாசிப்பேன். நம் வீடுகளுக்கு இது பொருந்தும் என்பதும் என் தொழில் அனுபவத்திலிருந்து நான் எடுக்கும் முடிவுதான். ஒரு தாயும் ஒரு பிள்ளையும் தனியாக உட்கார்ந்து பேசும் வீட்டை வைத்துச் செய்த ஆய்வு, சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் வீட்டை அப்படியே விளக்கிவிடாது.

விரிவாகப் பேசுவது என்றால் என்னவென்று காட்டிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். கோயிலுக்குப் போய்வந்த மறுநாள்: “நேற்று எங்கே போனோம்?” “கோயில்.” “என்ன பார்த்தாய்?” “யானை.” “வேறென்ன பார்த்தாய்?” மௌனம். “சொல்லு, வேறென்ன?” இது வாய்மொழித் தேர்வு. கேட்பவருக்குப் பதில் தெரியும், கேட்பவருக்குப் பதில் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும், மூன்றாவது கேள்வியில் நழுவிவிடுவான். அதே யானையை வைத்து இன்னொரு விதமாகப் பேசலாம். “ஆமாம், யானை! அது தலையில் தும்பிக்கையை வைத்ததும் நீ அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். தும்பிக்கை எப்படி இருந்தது?” “ஈரம்.” “ஈரமாக, சொரசொரவென்று இருந்ததா? உனக்குப் பயமா, கூச்சமா?” “பயம் இல்லை. காசு எடுத்தது.” “அட, காசை எடுத்ததை நான் பார்க்கவில்லையே. எடுத்து என்ன செய்தது?” அவன் சொன்னதை வாங்கிக்கொள்கிறோம், அதில் ஒரு சொல்லோ ஒரு உணர்ச்சியோ சேர்த்துக் கொடுக்கிறோம், பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பி ஒன்றைக் கேட்கிறோம். கேட்டபின் காத்திருக்க வேண்டும். பெற்றோருக்கு நான் கொடுக்கும் பயிற்சியில் மிகக் கடினமான பகுதி இந்தக் காத்திருப்புதான். மூன்றரை வயது வாய் ஒரு வாக்கியத்தைத் திரட்டிக்கொண்டு வர நேரமாகும். அதற்குள் நாம் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம்.

இதனால் மொழிக்கு என்ன நடக்கிறது என்பது என் தொழிலின் மையம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். கண்முன் இருப்பதைப் பேச இது, அது, தா, வேண்டாம் போதும். மிச்சத்துக்குக் கையைக் காட்டிவிடலாம். இங்கே இல்லாத யானையைக் கையால் காட்ட முடியாது. யார், எங்கே, எதற்குப் பிறகு எது, ஏன், எல்லாவற்றையும் சொல்லாலேயே கட்டியெழுப்ப வேண்டும். தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது வினையெச்சங்களும் அவை போன்ற வடிவங்களும்: போய், பார்த்து, கொடுத்துவிட்டு, வந்தபோது, பயந்ததால். வினைகளை இப்படி வரிசையாகக் கோத்து, கடைசி வினையில் காலத்தையும் ஆளையும் நிறுத்துவது எளிய காரியமில்லை. நடந்ததைச் சொல்லிச் சொல்லித்தான் அது நாக்குக்கு வரும். என் அறைக்கு வரும் பிள்ளைகளில் ஒரு வகை இப்போது அடிக்கடி தென்படுகிறது. நிறங்கள், பழங்கள், வாகனங்கள் எல்லாவற்றின் பெயரையும், பெரும்பாலும் ஆங்கிலத்தில், கடகடவென்று ஒப்பிக்கும். காலையில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டு வினையைச் சேர்த்துச் சொல்ல வராது. அட்டைகளைக் காட்டிப் பெயர் சொல்ல வைத்ததெல்லாம் பெயர்களாகவே நின்றுவிட்டன. பின்னால் பள்ளியில் ஒரு பத்தியை வாசித்து, அந்த இடத்தில் இல்லாத ஒன்றை மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டிய நேரம் வரும்போது இந்தக் குறை வெளியே தெரியும்.

புத்தகம் வாசித்துக் காட்டுகிறீர்களே, அதை நிறுத்திவிடாதீர்கள். எழுத்து, பக்கம், பேச்சில் வராத சொற்கள், இவை புத்தகத்திலிருந்துதான் வரும். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாகாது. அமெரிக்காவில் ஹெட் ஸ்டார்ட் என்ற அரசுப் பாலர் கல்வித் திட்டத்தில் இருந்த குடும்பங்களை வைத்து ரீஸும் சக ஆய்வாளர்களும் 2010இல் ஒரு சிறிய ஒப்பீட்டை வெளியிட்டார்கள். கேள்வி கேட்டுப் படப்புத்தகம் வாசிக்கப் பழகிய தாய்மாரின் பிள்ளைகளைவிட, நடந்ததைப் பேசப் பழகிய தாய்மாரின் பிள்ளைகள் கதையைத் திருப்பிச் சொல்லும் தரத்தில் முன்னே நின்றார்கள். ஒரு சிறிய ஆய்வை வைத்துப் புத்தகத்தைத் தாழ்த்த முடியாது. புத்தகம் வாங்க வழியில்லாத, வாசிக்கத் தெரியாத அம்மாவிடம் “உங்களால் முடிந்தது இதுவும் உண்டு” என்று சொல்ல எனக்கு இது தைரியம் தருகிறது.

யூடியூப் விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை. அதில் நல்ல தமிழ்க் கதைகள் இருக்கின்றன, நீங்கள் குக்கரை இறக்கும் பதினைந்து நிமிடத்துக்கு அது ஓடினால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஆனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் பக்கத்தில் கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும்; கொட்டாவிட்டால் தாத்தா கதையை நிறுத்திவிட்டு “தூங்கிவிட்டாயா?” என்பார். திரையில் இருப்பவர் யாருடைய உம்முக்கும் காத்திருப்பதில்லை. பிள்ளை எழுந்து போனாலும் கதை தன்பாட்டுக்கு நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணிக்கு மேல் போக வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவரோடு வாசிப்பதையும் கதை பேசுவதையும் ஊக்குவிக்கச் சொல்கிறது.

அதே திரையில் ஆச்சி வந்தால் கதை வேறு. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டிலிருந்து இரண்டரை வயது வரையான பிள்ளைகள் நேரடிக் காணொலி அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவுசெய்த காணொலியில் கற்கவில்லை. எதிரே இருப்பவர் தன் முகத்துக்கும் சொல்லுக்கும் பதில் சொல்கிறாரா என்பதே வித்தியாசம். ஆகவே ஆச்சி தொலைவில் இருப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்கு இழப்பு இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அழைப்பதற்கு முன் அன்றைக்கு நடந்த ஏதாவது ஒன்றின் படத்தையோ செய்தியையோ ஆச்சிக்கு அனுப்பிவிடுங்கள். “சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்” என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துபோகும் அழைப்பு, “உன் செருப்பு சாக்கடையில் விழுந்ததாமே, யார் எடுத்தது?” என்று தொடங்கும். அங்கிருந்து ஆச்சி தானே போவார், தன் செருப்பு தாமிரபரணியில் போன கதைக்கு.

இனி நீங்கள் படித்த அந்தச் செய்தி. அது அமெரிக்காவின் அட்லாண்டாவிலுள்ள எமோரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவஷ் இருவரின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பணியாற்றிய டியூக்கின் மனைவி, குடும்பத்தைப் பற்றி அதிகம் தெரிந்த பிள்ளைகள் சிரமங்களை மேலாகச் சமாளிப்பதாகக் கவனித்தார். அதிலிருந்து 20 கேள்விகள் பிறந்தன: உன் அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, அம்மா எங்கே வளர்ந்தார் தெரியுமா, உனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள் தெரியுமா என்பது போல. அதிகக் கேள்விகளுக்குத் தெரியும் என்ற பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. இதைத்தான் பலர் “கதை சொன்னால் தன்னம்பிக்கை வரும்” என்று எழுதிவிட்டார்கள். அங்கே அவ்வளவு தூரம் போக இடமில்லை. அந்தப் பிள்ளைகள் உங்கள் மகனைவிடப் பெரியவர்கள், பதின்வயதை ஒட்டியவர்கள். மேலும் அது இரண்டு விஷயங்கள் சேர்ந்து இருப்பதைக் காட்டியது. ஒன்றால் மற்றது வந்ததென்று நிறுவவில்லை. நிம்மதியாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் கதையும் வரும், பிள்ளைக்குத் தைரியமும் வரும். காரணம் அந்த நிம்மதியாகவே இருக்கலாம். 20 பதில்களையும் மனப்பாடம் செய்ய வைத்தால் பலன் வராது என்று டியூக்கே எச்சரித்திருக்கிறார். ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் பயிற்சி வகுப்புகள் “ஐந்து வயதுக்குள் மூளை வளர்ந்துவிடும், இப்போதே கதை சொல்லுங்கள்” என்று பயமுறுத்துவதையும் பொருட்படுத்தாதீர்கள். அந்த வயதுக்குள் மூளை பெரும்பகுதி வளர்வது அளவில்தான். கற்பது அதோடு நின்றுவிடுவதில்லை.

குடும்பக் கதைகள் மூன்று போக்கில் சொல்லப்படுவதாக டியூக் விளக்குவார். ஒன்றுமில்லாமல் இருந்தோம், இன்று இப்படி உயர்ந்தோம் என்பது ஒன்று. எல்லாம் இருந்தது, எல்லாம் போயிற்று என்பது இன்னொன்று. மூன்றாவது, நல்ல காலமும் வந்தது, கெட்ட காலமும் வந்தது, எதிலும் சேர்ந்தே இருந்தோம் என்பது. இந்த மூன்றாவதுதான் பிள்ளைக்கு நல்லது என்பது அவர் கருத்து. பரிசோதனையில் பிரித்துப் பார்த்து வந்த முடிவாக அதை எடுத்துக்கொள்ளாமல், அனுபவமுள்ள ஒருவரின் விளக்கமாக எடுத்துக்கொண்டால் போதும். அப்படி எடுத்துக்கொண்டாலும் உங்கள் கேள்விக்கு அது நேராகவே வந்து பொருந்துகிறது. பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை என்று எழுதிவிட்டு, அதே மூச்சில் அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தார் என்கிறீர்கள். அதைவிட நல்ல கதை உங்கள் வீட்டில் வேறு எது இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றரை வயதுக்கு அந்தக் கதையின் துயரம் வேண்டாம், அதன் பொருட்கள் வேண்டும். இலையைத் தண்ணீரில் ஊறவைப்பது, கத்தரியால் அளவாக வெட்டுவது, மடியில் தட்டை வைத்துக்கொண்டு தூளை வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது, 25 பீடியாக எண்ணிக் கட்டுப் போடுவது. எண்ணும்போது நீங்கள் குறுக்கே பேசினால் ஆச்சி என்ன சொல்வார்? நீங்கள் எங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினீர்கள்? இரவில் விளக்கு எது? இதையெல்லாம் உங்களால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். “ஆச்சி சுற்றின காசில்தான் எனக்கு முதல் பள்ளிக்கூடப் பை வாங்கினார்கள்” என்று முடித்தால் போதும். அவன் கேட்கப்போவது “பை என்ன நிறம்?” என்றுதான்.

தாத்தாவைப் பற்றி அவனாகக் கேட்கும் நாள் வரும். அப்போது பொய் சொல்லாதீர்கள், எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். “தாத்தா உடம்புக்குக் கெடுதலான ஒன்றைக் குடித்தார். நிறுத்த நினைத்தும் அவரால் முடியவில்லை. அதனால் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆச்சி எங்களைப் பார்த்துக்கொண்டார்.” ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு இது முழுக் கதை. இதில் நடந்தது இருக்கிறது, யார் காப்பாற்றினார் என்பது இருக்கிறது, இப்போது ஆபத்து இல்லை என்பதும் சொல்லாமலே இருக்கிறது. தாத்தாவிடம் உங்களுக்கு ஒரு நல்ல நினைவு இருந்தால், சந்தைக்குத் தோளில் தூக்கிப்போனதோ வேறெதுவோ, அதையும் சொல்லுங்கள். அவர் குடித்தார் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. நிலம் எவ்வளவு, யார் ஏமாற்றினார், அடி விழுந்ததா என்பதெல்லாம் பதின்வயதில் அவன் திரும்பக் கேட்கும்போது பேசலாம். சொல்லத் தொடங்கினாலே உங்கள் குரல் உடைகிறது, இரவு தூக்கம் போகிறது என்றால் முதலில் ஒரு பெரியவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். உங்கள் பாரத்தை இறக்கும் இடமாகப் பிள்ளையை ஆக்கிவிடக் கூடாது.

சொல்லக் கூடாத கதைகள் என்று நான் நினைப்பவை வேறு. “நாம் யார் தெரியுமா, அந்தக் காலத்தில் நம் தெருவுக்குள் அவர்கள் செருப்புப் போட்டு வர மாட்டார்கள்” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் தாத்தாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்பக் கதை எதையும் சுமந்துபோகும், சாதித் திமிரையும் சுமந்துபோகும். நான்கு வயதில் கேட்டதைப் பிள்ளை இயற்கை விதி போல எடுத்துக்கொள்வான். இன்னொன்று, நம் வீடுகளில் கதை பெரும்பாலும் அப்பா வழியிலேயே ஓடுகிறது. அப்பாவின் ஊர், அப்பாவின் குறும்பு, அப்பாவைப் பெற்ற தாத்தாவின் மாட்டுவண்டி. அம்மா எங்கே வளர்ந்தாள், என்ன விளையாடினாள் என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. அதை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

பிள்ளையின் தப்பை விருந்தாளிகள் முன் கதையாகச் சொல்வது பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். தைவானின் தைபே நகரத்துக் குடும்பங்களையும் சிகாகோவின் ஒரு பகுதிக் குடும்பங்களையும் ஒப்பிட்டு பெக்கி மில்லர் குழுவினர் 1997இல் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு இரண்டரை வயது. தைபேயில் பிள்ளை செய்த தப்பைப் பிள்ளையின் முன்பே எடுத்துச் சொல்லி, எது சரி என்று முடிப்பது சாதாரணம். சிகாகோவில் அது அபூர்வம், சொன்னாலும் வேடிக்கையாகவே முடிப்பார்கள். நம் வீடுகள் தைபேக்கு நெருக்கம். இதை வைத்து அவர்கள் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சமூகமும் கதையை ஒவ்வொரு வேலைக்கு வைத்திருக்கிறது. நான் பார்ப்பது பிள்ளையின் முகத்தை மட்டும்தான். கேட்டுச் சிரித்துக்கொண்டு தானும் இரண்டு வரி சேர்த்தால் சரி. தலை குனிந்து அம்மாவின் முந்தானைக்குள் போனால் அந்தக் கதையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தப்பா? தப்பில்லை, ஆனால் அது நினைவாகிவிடும் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். நினைவை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் 24 பெரியவர்களிடம், சிறு வயதில் கடைத்தெருவில் காணாமல் போனதாக நடக்காத ஒரு சம்பவத்தை, வீட்டார் சொன்னதாகச் சொல்லிப் பார்த்தார். ஏறத்தாழ கால் பங்கினர் அதை முழுதாகவோ பாதியாகவோ “நினைவுகூர்ந்தார்கள்”. உங்கள் மகனுக்கு இப்போதுள்ள நினைவுகளில் பெரும்பாலானவை தாமாக நிற்காது. பெரியவர்களிடம் கேட்டால் அவர்களுடைய முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. நியூசிலாந்தில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னால் போயிற்று. கடந்ததைப் பேசுவதற்கு அவர்கள் பண்பாட்டில் உள்ள இடமே காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். நீங்கள் திரும்பத் திரும்பப் பேசுவதுதான் நிற்கும். ஆட்டின் கொம்பை இரண்டு முழம் நீட்டிக்கொள்ளுங்கள், பிஸ்கட் யாருடையது என்பதை மாற்றாதீர்கள்.

நடைமுறையில் சில. தனியாக நேரம் ஒதுக்காதீர்கள், ஒதுக்கினால் ஒரு வாரத்தில் கைவிடுவீர்கள். குளிக்க வைக்கும்போது, வண்டியில் போகும்போது, விளக்கை அணைத்தபின் பேசினால் போதும். அதே கதையை நாற்பதாவது முறை கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள்; அடுத்து வருவது தெரிந்திருப்பதுதான் அவனுக்கு இன்பம், ஓரிடத்தில் நிறுத்தினால் அவனே நிரப்புவான். தமிழா ஆங்கிலமா என்றால், உங்களுக்குக் கோபமும் சிரிப்பும் எந்த மொழியில் வருகிறதோ அதில். நடுவில் அவன் கன்னடச் சொல்லைப் போட்டால் திருத்த வேண்டாம், உங்கள் அடுத்த வாக்கியத்தில் தமிழ்ச் சொல்லை வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது கதையைப் பற்றியதல்ல. மகன் “கேட்பதே இல்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை” என்று நடுவில் எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டு மும்முரமாக இருக்கலாம், நேரில் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது. மூன்று, நான்கு சொற்களைச் சேர்த்து அவன் வாக்கியம் பேசவில்லை என்றாலோ, வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவன் பேச்சில் பெரும்பகுதி புரியவில்லை என்றாலோ, கதையால் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் கேட்புத் திறனைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கேட்பது மங்கலாகவே இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மைசூரு தூரமில்லை, அங்கே அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் இருக்கிறது. பெங்களூரிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் தொடங்கலாம். பரிசோதனை முடிவோடு, அவன் ஒரு சம்பவத்தைச் சொல்வதை இரண்டு நிமிடம் செல்பேசியில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். அறைக்குள் வந்ததும் பல பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள்.